"அப்படியெல்லாம் எதுவும் இல்லையே?" – ஒரு கேள்வியைத் தமிழுக்குக் கொண்டுவருவதில் உள்ள சிரமம்



சென்ற ஆண்டு நம் ஊர்த் தாயார் ஒருவருக்குத் துணையாக ஒரு மருத்துவமனைக்குப் போயிருந்தேன். கணவர் மௌத்தாகி, இத்தாவின் நான்கு மாதம் பத்து நாளும் முடிந்து, மேலும் சில வாரங்கள் ஆகியிருந்தன. தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை. உள்ளே ஓர் இளைஞர் அச்சடித்த தாளைப் பார்த்து வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தார். "கடந்த இரண்டு வாரங்களில் தற்கொலை எண்ணங்களால் பாதிக்கப்பட்டீர்களா?" என்ற கேள்வி வந்ததும் அந்தத் தாயார் திடுக்கிட்டு, "அஸ்தஃபிருல்லாஹ்! அது ஹராம் இல்லையா தம்பி" என்றார். தம்பி "இல்லை" என்ற கட்டத்தில் டிக் அடித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

வெளியே ஆட்டோவுக்கு நிற்கும்போது அவர் என்னிடம் மெல்லச் சொன்னார்: "ராத்திரி படுக்கறப்போ தினமும், யா அல்லாஹ் நாளைக்கு என்னை எழுப்பாதேன்னு கேட்டுட்டுதாம்மா படுக்கறேன்."

அவர் உள்ளே பொய் சொல்லவில்லை. கேட்ட தம்பியும் வேலையில் குறை வைக்கவில்லை, தாளில் இருந்ததைத்தான் கேட்டார். ஆனாலும் தெரிய வேண்டிய விஷயம் தெரியாமலே போய்விட்டது. அன்று திரும்ப உள்ளே போய் மருத்துவரிடம் அதைச் சொன்னோம். சொல்லாமல் ஆட்டோவில் ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் யோசிப்பதுண்டு. அந்தத் தாளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. இப்படிப்பட்ட கேள்விகள் எங்கிருந்து வருகின்றன, ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்கு எப்படிப் போகின்றன, போகும் வழியில் எவை தொலைகின்றன என்று நம் குடும்பங்கள் அறிந்துவைத்திருப்பது நல்லது.

மனநல மருத்துவத்தில் இதற்கென்றே தயாரித்த நேர்காணல்கள் பல உண்டு. அமெரிக்காவில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் மாத்யூ நாக் என்பவரும் உடன் பணியாற்றியவர்களும் 2007-ல் வெளியிட்டது ஒன்று. அதில் மொத்தம் 169 கேள்விகள். சாக வேண்டும் என்ற எண்ணம், அதற்கான திட்டம், மற்றவர் பயப்படட்டும் என்று செய்வது, உண்மையான முயற்சி, சாகும் நோக்கமில்லாமல் உடலைக் காயப்படுத்திக்கொள்வது என்று ஐந்து பகுதிகளாகப் பிரித்துக் கேட்பார்கள். இதை ஸ்பெயினில் ஸ்பானிய மொழிக்கு மாற்றி, மத்ரித் நகர நோயாளிகளிடம் கேட்டுச் சரிபார்த்து 2013-ல் வெளியிட்டார்கள். கொலம்பியா பல்கலைக்கழகத்திலிருந்து வந்த இன்னொரு கேள்வித்தொகுப்பு நூற்றுக்கும் அதிகமான மொழிகளில் இருக்கிறது.

ஸ்பானிய மொழியில் வேலை அகராதியோடு முடியவில்லை. ஒருவர் மொழிபெயர்ப்பார். மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலத்துக்கு மாற்றுவார். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் எங்கே பொருள் நழுவியது என்று தெரியும். பிறகு சாதாரண ஆட்கள் சிலரிடம் கேள்வியைப் படித்துக்காட்டி, "இதில் உங்களிடம் என்ன கேட்கிறார்கள் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்க வேண்டும். கடைசியாக, ஒரே நோயாளியின் பேச்சை இரண்டு பேர் தனித்தனியே கேட்டுக் குறித்து, இருவர் குறிப்பும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். நம் ஊர்க்காரர்களுக்கு இது புதிதாகத் தெரியாது. ஒரு தறிக்கென்று வெட்டிய ஜக்கார்டு அட்டையை வேறு கொக்கிக் கணக்குள்ள தறியில் மாட்டினால் மயில் மயிலாக வராது, அட்டையைத் திரும்ப வெட்ட வேண்டும்.

தமிழில் இந்த வேலை பெரிய அளவில் நடந்தது சென்னையில். 1986-ல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய சிநேகா அமைப்பைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2000-க்குப் பிறகு உலக சுகாதார நிறுவனம் பல நாடுகளில் ஒரே நேரத்தில் ஓர் ஆய்வை நடத்தியது. உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று மருத்துவமனைக்கு வந்தவர்களிடம் பேசுவதற்கு, ஐரோப்பாவில் ஏற்கெனவே இருந்த ஒரு நேர்காணலை அடிப்படையாக வைத்துப் புதிய கேள்வித்தாள் ஒன்றைத் தயாரித்து, அதை அந்தந்த ஊர் மொழிக்கு மாற்றினார்கள். அந்த ஊர்களில் சென்னையும் ஒன்று, கொழும்பும் ஒன்று. ஈரானில் உள்ள கரஜ் நகரமும் இருந்தது என்பது நமக்குக் கூடுதலாகக் கவனிக்கத்தக்கது, ஏனென்றால் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர் அது.

அதே திட்டத்தில், மருத்துவமனைக்கு வராத பொதுமக்களிடமும் கேட்டுப் பார்த்தார்கள். வாழ்நாளில் எப்போதாவது உயிரை விட்டுவிடலாம் என்று எண்ணியதுண்டு என்று சொன்னவர்கள் ஓரிடத்தில் 100-க்கு 2.6 பேர், இன்னோரிடத்தில் 25.4 பேர். ஏறக்குறைய பத்து மடங்கு வித்தியாசம். மனித மனம் ஊருக்கு ஊர் இவ்வளவு மாறுமா? ஓரளவு மாறலாம். ஆனால் சில ஊர்களில் மக்கள் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை என்பதும், கேட்ட சொல் அவர்கள் மனத்தில் இருந்த பொருளைத் தொடவில்லை என்பதும் இதில் கலந்திருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

நம் மொழியில் சிக்கல் எங்கே வருகிறது என்று பார்ப்போம்.

முதலில் "தற்கொலை" என்ற சொல். அதற்குள்ளேயே "கொலை" இருக்கிறது. உருது பேசும் வீடுகளில் "குத்குஷி" என்பதும் அப்படித்தான். கேட்ட உடனே காவல் நிலையமும் மார்க்கத் தீர்ப்பும்தான் மனதில் வரும், தன் துக்கம் வராது. நம் பெண்கள் யாரும் இந்தச் சொல்லைத் தங்களைப் பற்றிப் பேசும்போது பயன்படுத்துவதே இல்லை. "ஏதாவது பண்ணிக்கலாம்னு இருக்கு", "இருந்து என்ன ஆகப்போகுது", "பிள்ளைங்க முகத்துக்காகத்தான் இருக்கேன்" என்பார்கள். தக்னி பேசும் வீடுகளில் "மர்கயே தோ அச்சா" என்று ஒரு பெருமூச்சு வரும். தாளில் உள்ள சொல்லுக்கு "இல்லை" என்று சொல்லும் அதே ஆள், இந்தச் சொற்களில் எதையாவது நேற்று இரவு சொல்லியிருப்பார்.

அடுத்தது "நினைத்தல்". இது நுட்பமானது. ஆங்கிலத்தில் எண்ணம் வந்துபோவதற்கு ஒரு சொல், செய்துவிடத் தீர்மானிப்பதற்கு இன்னொரு சொல். தமிழில் "சாகணும்னு நினைச்சேன்" என்றால் இரண்டாகவும் இருக்கலாம். "ஊருக்குப் போகணும்னு நினைச்சேன்" என்பவர் பஸ் டிக்கெட் வாங்கினாரா, சும்மா ஆசைப்பட்டாரா என்று நமக்கு எப்படித் தெரியாதோ அப்படித்தான் இதுவும். எனவே நல்ல தமிழ் நேர்காணலில் "தோணுச்சா?" என்று ஒரு தடவையும், "எப்படி, எப்போ என்றெல்லாம் யோசிச்சு வச்சீங்களா?" என்று இன்னொரு தடவையும் பிரித்துக் கேட்க வேண்டும். தோன்றுவது தானாக வருவது. அதில் யாருக்கும் குற்றமில்லை என்பதால் ஒப்புக்கொள்வதும் சுலபம்.

மூன்றாவது, நம் சமுதாயத்துக்கே உரியது. கொலம்பியா தொகுப்பின் முதல் கேள்வி, தூங்கினால் திரும்ப எழாமலே இருந்துவிடக் கூடாதா என்று விரும்பியதுண்டா என்ற பொருளில் வரும். மேலே சொன்ன தாயாரிடம் அதைக் கேட்டிருந்தால் ஆட்டோ நிறுத்தம் வரை காத்திருக்க வேண்டியிருக்காது. ஆனால் அதே கேள்வியை எண்பது வயதான நம் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். "ஈமானோட சீக்கிரம் அழைச்சுக்கிட்டா போதும், யாருக்கும் பாரமா கிடக்கக் கூடாது" என்பார்கள். தினமும் கேட்கும் துஆ அது. ஐந்து வேளையும் தொழுது, பேரப்பிள்ளைகளோடு சிரித்துப் பேசி, பிரியாணியில் உப்புக் குறைவு என்று குறை சொல்லும் மனுஷி அவர். அவரையும், இரவில் அழுதுகொண்டே எழுப்பாதே என்று கேட்பவரையும் ஒரே கட்டத்தில் டிக் அடித்தால் கேள்வித்தாளுக்கு அர்த்தமில்லை. "அந்த துஆ கேட்கறப்போ மனசு எப்படி இருக்கும்? அதுக்கப்புறம் நிம்மதியா தூங்கறீங்களா?" என்ற ஒரு கூடுதல் கேள்வி இருவரையும் பிரித்துக் காட்டிவிடும். வெள்ளைக்காரர் தாளில் அந்தக் கூடுதல் கேள்வி இருக்காது. நம்மை அறிந்தவர்தான் சேர்க்க முடியும்.

கஷ்டத்தைத் தாங்காமல் மௌத்தை விரும்பக் கூடாது என்று ஹதீஸ் இருப்பது நமக்குத் தெரியும். இதனாலேயே பலர் மருத்துவரிடம் ஒப்புக்கொள்ளத் தயங்குகிறார்கள், ஒப்புக்கொண்டால் ஈமான் போய்விட்டதாகப் பொருள் என்று பயப்படுகிறார்கள். ஆலிம்களிடம் கேட்டால் தெளிவாகச் சொல்வார்கள்: மனதில் வந்துபோகும் எண்ணத்துக்கும் செய்யும் செயலுக்கும் மார்க்கத்தில் வேறுபாடு உண்டு. இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். அப்படி இறந்துபோனவருக்கு ஜனாஸா தொழுகையே கிடையாது என்று நம் தெருக்களில் ஒரு பேச்சு இருக்கிறது. பெரும்பாலான உலமாக்களின் கருத்து அதுவல்ல. மக்கள் அவருக்குத் தொழுகை நடத்த வேண்டும் என்பதே ஹனஃபி, ஷாஃபி மத்ஹபுகளின் நிலை. இந்தத் தவறான பேச்சுக்குப் பயந்து வீட்டார் விஷயத்தையே மூடி மறைக்கும்போது, அதே வீட்டில் அடுத்ததாகத் தவிக்கும் பிள்ளைக்கு உதவி கிடைக்காமல் போகிறது.

"உங்கள் உடலை நீங்களே வேண்டுமென்று காயப்படுத்திக்கொண்டதுண்டா?" என்ற கேள்வியையும் சற்றுப் பாருங்கள். அளவு எடுத்துத் தைத்த மாதிரித் தெரியும். ஆனால் காஞ்சிபுரத்தில் அலகு குத்தி நேர்த்திக்கடன் செலுத்தியவரிடம் கேட்டால் "ஆமாம்" என்பார். முஹர்ரத்தில் மாத்தம் செய்யும் ஷியா சகோதரரும் அப்படிச் சொல்லலாம். கேட்க வந்தது அதுவல்ல. மனவேதனை தாங்காமல், தனியாக, யாருக்கும் தெரியாமல் செய்வதைத்தான் கேட்க வந்தார்கள். தமிழில் இதற்கு இன்னும் ஒரு நல்ல சொல் அமையவில்லை. எனவே நீட்டித்தான் கேட்க வேண்டும்.

"மருந்து" என்ற சொல்லிலும் குழப்பம் உண்டு. நம் பக்கத்தில் "மருந்து குடிச்சிட்டான்" என்றால் டானிக் குடித்தான் என்று யாரும் நினைக்க மாட்டார்கள். வெளியூரில் படித்து வந்த மருத்துவருக்கு இது தெரியாமல் போகலாம். அதே போல, பத்திரிகைச் செய்திகளில் "தீராத வயிற்று வலி" என்று எத்தனை முறை படித்திருப்போம்! அது பல நேரம் குடும்பத்தார் சொல்லும் காரணம். எல்லாருக்கும் தெரிந்த மறைமொழி அது.

மிரட்டல் விஷயத்துக்கு வருவோம். நாக் தயாரித்த நேர்காணலில் இதற்குத் தனிப் பகுதியே இருக்கிறது என்று சொன்னேன். நம் வீடுகளில் "சும்மா மிரட்டறா", "டிராமா போடறான்" என்று ஒதுக்கிவிடுவோம். நேர்காணல் அதைத் தனியாகக் கேட்பது ஒதுக்குவதற்காக அல்ல. அந்த நேரத்தில் சாகும் எண்ணம் இருந்ததா, இல்லை தன் வேதனையை யாராவது பார்க்க வேண்டும் என்று இருந்ததா என்று அறிவதற்கு. பல பேருக்கு இரண்டும் கலந்தே இருக்கும். வாழவும் ஆசை, வாழ முடியவில்லை என்ற தவிப்பும் ஒரே நேரத்தில்.

கேட்கும் விதமும் சொல்லைப் போலவே முக்கியம். தலைப்பில் இருக்கும் கேள்வியை மறுபடி படியுங்கள். "அப்படியெல்லாம் எதுவும் இல்லையே?" என்று கேட்டால் எவர் வாயிலும் "இல்லை" என்றுதான் வரும். கேட்பவர் அந்தப் பதிலைக் கையில் கொடுத்தே கேட்கிறார். இது நம் ஊர்ப் பழக்கம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். பிரிட்டனில் மனநல மருத்துவர்களின் பேச்சுகளைப் பதிவு செய்து 2017-ல் வெளியான ஓர் ஆய்வில், இந்த விஷயம் பற்றிய கேள்விகளில் நான்கில் மூன்று பங்கு "இல்லை" என்ற பதிலை எதிர்பார்த்தே கேட்கப்பட்டிருந்தன. படித்த மருத்துவருக்கும் அந்தப் பதிலைக் கேட்கப் பயம்தான்.

அதோடு யார் கூட இருக்கிறார்கள் என்பது. நம் வழக்கத்தில் நோயாளி ஒருவர் என்றால் கட்டிலைச் சுற்றி ஐந்து பேர். மாமியார் நிற்கும்போது மருமகளிடமும், வாப்பா நிற்கும்போது மகனிடமும் இதைக் கேட்டு உண்மையான பதில் வராது. மருத்துவர் "கொஞ்சம் வெளியே இருங்க" என்றால் நாம் கோபித்துக்கொள்கிறோம். கோபிக்க வேண்டாம், தயவுசெய்து வெளியே போய்விடுங்கள். பெண் என்றால் பெண் ஊழியர் ஒருவர் உடன் இருக்கட்டும் என்று கேட்டுக்கொள்ளலாம், அது போதும்.

கேட்டால்தான் அந்த எண்ணமே வரும், எனவே கேட்காமல் இருப்பதே மேல் என்று பலர் நம்புகிறார்கள். இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் ஆறு உயர்நிலைப் பள்ளிகளில் 2,342 மாணவர்களிடம் நடத்திய ஆய்வு 2005-ல் வெளிவந்தது. பாதிப் பேரிடம் இந்தக் கேள்விகளைக் கேட்டார்கள், மீதிப் பேரிடம் கேட்கவில்லை. கேட்கப்பட்டவர்களுக்கு மனச்சங்கடமோ அந்த எண்ணமோ கூடவில்லை. ஏற்கெனவே துயரத்தில் இருந்த பிள்ளைகளுக்கும் கேட்டதால் கெடுதல் வரவில்லை.

போலீஸ் பயமும் வாயை அடைக்கிறது. முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-வது பிரிவில் முயற்சியே குற்றமாக இருந்தது. 2017-ல் வந்து 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது, சிகிச்சையும் மறுவாழ்வும் தர வேண்டியது அரசின் கடமை என்றது. 2024 ஜூலை முதல் தேதி அமலுக்கு வந்த புதிய பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்தப் பழைய பிரிவே இல்லை. அரசு ஊழியரைக் கடமை செய்யவிடாமல் தடுக்கவோ வற்புறுத்தவோ அப்படிச் செய்வது மட்டும் 226-வது பிரிவில் குற்றமாக இருக்கிறது. மருத்துவமனையில் போலீஸுக்குத் தகவல் எழுதுவது இன்னும் நடக்கும். அதைப் பார்த்துப் பயந்து உண்மையை மறைத்தால், சரியான சிகிச்சை தாமதமாகும்.

இந்த நேர்காணல் எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். மதிப்பெண் போட்டு "இவருக்கு ஆபத்து, இவருக்கு இல்லை" என்று வருங்காலத்தைச் சொல்ல இது உதவாது. ஐம்பது ஆண்டு காலத்தில் வந்த 365 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2017-ல் வெளியான ஒரு கட்டுரை, இந்தக் கணிப்புகள் நாணயம் சுண்டிப் பார்ப்பதைவிடக் கொஞ்சம்தான் மேல் என்று காட்டியது. "மதிப்பெண் குறைவுதான், வீட்டுக்கு அழைத்துப் போகலாம்" என்று யாராவது சொன்னால் அதை முழு உத்தரவாதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பின் எதற்குக் கேட்பது? பேச்சைத் தொடங்குவதற்கு. சென்னை பங்கெடுத்த அந்த உலக ஆய்வின் முக்கியமான பகுதி இதுதான். காம்பினாஸ், சென்னை, கொழும்பு, கரஜ், யுன்செங் என்ற ஐந்து ஊர்களில், முயற்சி செய்து பிழைத்த 1,867 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். மற்றப் பிரிவுக்கு, மருத்துவமனையை விட்டுப் போகுமுன் ஒரு மணி நேரம் உட்கார்ந்து விளக்கிப் பேசினார்கள். பிறகு பதினெட்டு மாதங்களில் ஒன்பது முறை போன் செய்தோ நேரில் போயோ நலம் விசாரித்தார்கள். முதல் சில வாரங்களில் அடிக்கடி, பிறகு இடைவெளி விட்டு. பதினெட்டு மாத முடிவில், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 100-க்கு 2.2 பேர் இந்த வழியில் இறந்திருந்தார்கள். விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 பேர். 2008-ல் இந்த முடிவு வெளியானது. பெரிய இயந்திரமோ விலையுயர்ந்த மாத்திரையோ இதில் இல்லை. நோயாளியை நலம் விசாரிக்கப் போவது நம் கடமை என்று பிறந்தது முதல் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் காய்ச்சலுக்குப் போகிறோம், ஆபரேஷனுக்குப் பழம் வாங்கிக்கொண்டு போகிறோம், இதற்கு மட்டும் தெரு மாறி நடக்கிறோம்.

பின்னாளில் தமிழ்நாட்டில் உள்ள இலங்கைத் தமிழ் அகதிகள் முகாமிலும் சென்னைக் குழுவினர் இதே போன்ற வேலையைச் செய்தார்கள். முகாமில் வசிப்பவர்களுக்கே பயிற்சி கொடுத்து, அவர்கள் மூலமே பேசி, ஒவ்வொருவருக்கும் ஒரு பாதுகாப்புத் திட்டம் எழுதி வைத்தார்கள். மனம் உடையும் நேரத்தில் முதலில் என்ன செய்வேன், யாரிடம் போவேன், யாருக்குப் போன் செய்வேன் என்று அவரவர் வாய்மொழியிலேயே எழுதிய ஒரு சிறு அட்டை. அதே முகாமில் இருப்பவர் கேட்கும்போது மொழிபெயர்ப்புப் பிரச்சினை பாதி தீர்ந்துவிடுகிறது.

நமது டிரஸ்ட் பெண்கள் குழுவிலும் சில மாதங்களுக்கு முன் உட்கார்ந்து, ஒரு கேள்வித்தாளை நம் வாய்மொழிக்கு மாற்றிப் பார்த்தோம். ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். "கடந்த மாதம்" என்று கேட்டால் சிலருக்குப் புரியவில்லை, "நோன்புக்கு முன்னாடியா, பெருநாளைக்கு அப்புறமா" என்றால் சட்டென்று பதில் வந்தது. ஒரு ஆபா, "கேள்வியை விடுங்க, முதல்ல டீ கொடுத்து உட்கார வைங்க" என்றார். சிரித்தோம், ஆனால் அதையும் எழுதிக்கொண்டோம். இதை வைத்து நாங்கள் யாருக்கும் மதிப்பெண் போடப் போவதில்லை. அது பயிற்சி பெற்றவர்களின் வேலை. எங்களுக்குப் பேசத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் இந்த முயற்சி.

வீட்டில் யாரைப் பற்றியாவது உங்களுக்குச் சந்தேகம் இருந்தால், தனியாக, அவசரமில்லாத நேரத்தில் இப்படிக் கேட்கலாம்: "ரொம்ப நாளா நீ நீயா இல்ல. இருக்கவே வேண்டாம்னு கூடத் தோணுதா?" பதில் "ஆமா" என்று வந்தால் பதறாதீர்கள், பயான் செய்யாதீர்கள், பிள்ளைகள் முகத்தைப் பார் என்று சொல்லி வாயை மூடாதீர்கள். கேட்டுக்கொண்டே இருங்கள். அன்று இரவு தனியாக விடாதீர்கள். வீட்டில் உள்ள மாத்திரைகள், பூச்சி மருந்து, ஆபத்தான பொருள்கள் எல்லாவற்றையும் வேறொரு வீட்டுக்கு எடுத்துப் போய்விடுங்கள். ஏற்கெனவே ஏதாவது செய்துகொண்டிருந்தால் 108-ஐ அழையுங்கள், கைவைத்தியம் எதுவும் வேண்டாம்.

பேச வேண்டுமானால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கியது. தமிழக அரசின் 104-லும் பேசலாம். சிநேகாவின் எண் 044-24640050. தமிழில் சொல்ல வராத தக்னி வீட்டுப் பெரியவர்கள் யாராவது இருந்தால், டிரஸ்ட் அலுவலகத்தில் பெண்கள் குழுவிடம் சொல்லுங்கள், உடன் வந்து மருத்துவரிடம் எடுத்துச் சொல்ல ஆள் இருக்கிறோம். பெயரை வெளியே சொல்ல மாட்டோம்.

அந்தத் தாயார் நலமாக இருக்கிறார், அல்ஹம்துலில்லாஹ். மாத்திரை சாப்பிடுகிறார், வாரம் ஒரு முறை போன் செய்கிறேன். நான் மறந்தால் அவரே செய்துவிடுகிறார்.